கேமரா லென்ஸைப் புரிந்துகொள்வது எப்படி: புதிதாகப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேமரா வாங்கிச் சில வாரங்கள் ஆனதும் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான். அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. கையில் இருக்கும் லென்ஸால் என்ன முடியும், எந்த இடத்தில் அது கைவிடும் என்பது தெரியாமல் வாங்கும் இரண்டாவது லென்ஸ் பெரும்பாலும் பையிலேயே தூங்கும். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். ஆனால் லென்ஸைப் பற்றிப் புதியவர் ஒருவர் அறிய வேண்டியதில் பெரும்பகுதியை அந்த ஒன்றை வைத்தே கற்றுக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியும் அப்படியொரு லென்ஸ் உங்கள் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். காட்சி எவ்வளவு அகலமாகப் பதிவாக வேண்டும், எவ்வளவு ஒளி உள்ளே வர வேண்டும், எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு இருக்க வேண்டும் ஆகிய மூன்றும் லென்ஸோடு தொடர்புடையவை. முன்னால் இருக்கும் பொருளுக்கும் பின்னால் இருக்கும் பொருளுக்கும் உள்ள அளவு விகிதமோ நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இந்த நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியே பார்க்கப் பழகிவிட்டால், எந்த லென்ஸைக் கையில் எடுத்தாலும் அது என்ன செய்யும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே ஊகித்துவிடலாம்.

முதலில் லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கேமராவை அணைத்து, மூடியைக் கழற்றி, லென்ஸின் முன்வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிச் சிறிய எழுத்துகளில் 18-55 மி.மீ. என்றும், 1:3.5-5.6 என்றும், வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்ட குறியோடு 55 அல்லது 58 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். முதலாவது குவியத் தூரம். படக்காரர்கள் பேச்சில் ஃபோக்கல் லென்த் என்பார்கள். இரண்டாவது, லென்ஸின் துளை அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டும் விகிதம். மூன்றாவது, லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டரின் விட்டம். முதலாவதும் மூன்றாவதும் மில்லிமீட்டரில் இருப்பதால் புதியவர்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவதுண்டு. முன்மூடியோ ஃபில்டரோ வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்தக் குறுக்குக் கோட்டு வட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை மட்டுமே.

பக்கவாட்டில் ஏஎஃப், எம்எஃப் என்ற சிறு விசை இருந்தால் அது ஃபோக்கஸைக் கேமராவிடம் விடுவதா, கையால் திருப்புவதா என்பதற்கானது. கேனான் லென்ஸில் ஐஎஸ் என்றும், நிக்கானில் விஆர் என்றும், சோனியில் ஓஎஸ்எஸ் என்றும் இருக்கும் எழுத்துகள் எல்லாம் ஒன்றையே குறிக்கின்றன: கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு அந்த லென்ஸுக்குள் இருக்கிறது.

குவியத் தூரம் உண்மையில் எதை மாற்றுகிறது

மிகத் தொலைவில் உள்ள ஒரு பொருளின் மீது ஃபோக்கஸ் செய்திருக்கும்போது, லென்ஸின் ஒளியியல் மையத்துக்கும், கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் தகடான சென்சாருக்கும் இடையில் இருக்கும் தூரமே குவியத் தூரம். லென்ஸின் உடல் எவ்வளவு நீளம் என்பதற்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நமக்கு வேண்டியது இந்த வரையறையின் விளைவு: எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், பெரியதாக இருந்தால் குறுகலாகப் பார்க்கும். 36×24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில், மூலைக்கு மூலை அளந்தால் 24 மி.மீ. லென்ஸ் சுமார் 84 பாகையைப் பார்க்கும், 50 மி.மீ. சுமார் 47 பாகை, 85 மி.மீ. சுமார் 28 பாகை, 200 மி.மீ. சுமார் 12 பாகை.

இங்கே கூட்டல் கழித்தல் கணக்குப் போடாமல் விகிதக் கணக்குப் போட வேண்டும். 18-லிருந்து 24-க்குப் போவது வெறும் 6 மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 200-லிருந்து 206-க்குப் போனால் மாற்றத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். அகலக் கோண லென்ஸ்களைப் பற்றிப் பேசுவோர் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வாதிடுவது இதனால்தான்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். கேமராவை மேசை மேல் அசையாமல் வைத்து, அதே இடத்திலிருந்து 18, 24, 35, 55 என நான்கு படங்கள் எடுங்கள். பிறகு கணினியில் 18 மி.மீ. படத்தைத் திறந்து, நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தை மட்டும் வெட்டி, 55 மி.மீ. படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுணுக்க விவரம் குறைந்திருக்கும், பின்னணியின் மங்கலில் வேறுபாடு இருக்கலாம். ஆனால் பொருள்களின் ஒப்பீட்டு அளவும் அவை ஒன்றையொன்று மறைக்கும் விதமும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். ஜூம் வளையத்தைத் திருப்புவது காட்சியை வெட்டுவதற்குச் சமம் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது, பத்துக் கட்டுரைகளைப் படிப்பதைவிட நல்லது.

சென்சாரின் அளவு ஏன் குறுக்கே வருகிறது

36×24 மி.மீ. என்ற அளவு டிஜிட்டல் காலத்தில் உருவானதில்லை. திரைப்படச் சுருளைப் படுக்கைவாட்டில் ஓட்டி, இரண்டு திரைப்படச் சட்டங்களின் பரப்பை ஒரே படத்துக்குப் பயன்படுத்தும் சிறு கேமராவை ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்தார். அது 1925-இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபின் அந்த அளவே உலக வழக்காயிற்று. இன்று பலரிடம் உள்ள ஏபிஎஸ்-சி கேமராக்களின் சென்சார் அதைவிடச் சிறியது: நிக்கான், சோனி, ஃப்யூஜிஃபிலிம் ஆகியவற்றில் சுமார் 23.5×15.6 மி.மீ., கேனானில் சுமார் 22.3×14.9 மி.மீ.

சிறிய சென்சார், லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் எந்த லென்ஸைப் போலப் பார்க்கும் என்று அறிய, குவியத் தூரத்தை 1.5-ஆல் பெருக்க வேண்டும். கேனான் ஏபிஎஸ்-சி என்றால் 1.6, அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைச் சென்சார் என்றால் 2. உங்கள் 18-55 மி.மீ. லென்ஸ், 1.5 கணக்கில், ஃபுல் ஃபிரேமில் 27-82 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலத்தையே பார்க்கிறது. லென்ஸின் குவியத் தூரம் இதனால் மாறிவிடுவதில்லை, 50 மி.மீ. லென்ஸ் எந்தக் கேமராவில் மாட்டினாலும் 50 மி.மீ. லென்ஸ்தான். கைப்பேசிக் கேமராக்களுக்கு 24 அல்லது 26 மி.மீ. என்று குறிப்பிடுவதும் இப்படிக் கணக்கிட்ட சமான அளவே. அந்தச் சிறு லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்கள்தான்.

நிற்கும் இடம்: அதிகம் பேசப்படாத பாடம்

அகலக் கோண லென்ஸ் முகத்தைக் கெடுக்கும், குறுகலாகப் பார்க்கும் டெலி லென்ஸ் பின்னணியை இழுத்து அருகில் கொண்டுவரும் என்று சொல்வார்கள். படத்தில் தெரிவது உண்மைதான். காரணம் மட்டும் தவறாகச் சொல்லப்படுகிறது.

ஒருவரின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 மி.மீ.-இல் முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்று நெருங்கி நெருங்கி, மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். இப்போது மூக்கு 40 செ.மீ. தொலைவில், காது 52 செ.மீ. தொலைவில். அதாவது காதோடு ஒப்பிட மூக்கு 30 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். கன்னங்கள் பின்வாங்கும், காதுகள் பின்னால் ஒளியும். அதே மனிதரை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் மூக்கு 200 செ.மீ., காது 212 செ.மீ.; வேறுபாடு வெறும் 6 சதவீதம். முகம் நாம் அன்றாடம் பார்க்கும் முகமாக இருக்கும். அந்த 2 மீட்டரிலிருந்து முகமும் தோளும் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் குறுகலாகப் பார்க்கும் லென்ஸ் தேவை. ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ., ஏபிஎஸ்-சியில் 55 மி.மீ. அளவுகள் உருவப்படத்துக்கு ஏற்றவை என்ற பெயரைப் பெற்றது இப்படித்தான்: அவை உங்களைச் சரியான தூரத்தில் நிற்க வைக்கின்றன.

இதையே பின்னணியை வைத்தும் செய்து பாருங்கள். ஒரு நண்பரை நிற்கச் சொல்லுங்கள்; அவருக்கு 20 மீட்டர் பின்னால் ஒரு மரம் இருக்கட்டும். முதலில் 18 மி.மீ. வைத்து 2 மீட்டரிலிருந்து ஒரு படம். பிறகு 54 மி.மீ. வைத்து 6 மீட்டருக்குப் பின்வாங்கி இன்னொரு படம். குவியத் தூரமும் மூன்று மடங்கு, தூரமும் மூன்று மடங்கு என்பதால் நண்பர் இரண்டிலும் ஒரே உயரம் இருப்பார். மரமோ முதல் படத்தில் 22 மீட்டர் தொலைவிலும் இரண்டாவதில் 26 மீட்டர் தொலைவிலும் இருக்கிறது. தூரம் சற்றே கூடியிருக்க, பெரிதாக்கம் மூன்று மடங்கு ஆனதால், இரண்டாவது படத்தில் மரம் முன்னதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாக நண்பரின் தோளுக்குப் பின்னால் எழுந்து நிற்கும். நீங்கள் பின்னால் நடந்த அந்த 4 மீட்டர்தான் மரத்தை எழுப்பியது.

என் அனுபவத்தில் படமெடுக்கும் முறையையே மாற்றும் பழக்கம் இது: முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள், பிறகு ஜூம் வளையத்தைத் தொடுங்கள். நின்ற இடத்திலேயே நின்று ஜூம் செய்பவர், படத்தின் அமைப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்.

அபெர்ச்சர்: துளையும் எண்ணும்

லென்ஸுக்குள் இதழ் இதழாக மடியும் மெல்லிய தகடுகள் ஒரு துளையை உருவாக்குகின்றன. பழைய கைமுறை லென்ஸ் ஒன்று கிடைத்தால் அதை வானத்தை நோக்கிப் பிடித்து, அபெர்ச்சர் வளையத்தை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பிப் பாருங்கள். முழு வட்டமாக இருந்த வெளிச்சம் பல கோணமாகச் சுருங்கி, கடைசியில் ஒரு குண்டூசித் தலை அளவுக்கு வந்துவிடும். இன்றைய லென்ஸிலும், சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரையான ஷட்டர் திறக்கும் கணத்தில் உள்ளே நடப்பது அதுதான்.

எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 50 மி.மீ. லென்ஸ் எஃப்/2-இல் இருந்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது துளை 25 மி.மீ. விட்டத்துக்குத் தெரியும். வகுக்கும் எண் பெரிதானால் துளை சிறிதாகும். எஃப்/16 சிறிய துளையும் எஃப்/2 பெரிய துளையும் ஆனது இந்த வகுத்தலால்தான். 1, 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும் அல்லவா? பரப்பு மட்டும் பாதியாக வேண்டுமானால் விட்டத்தை 1.4-ஆல் வகுக்க வேண்டும். அந்த 1.4 தான் வரிசை முழுவதும் ஓடுகிறது. இந்த ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்டாப் என்கிறோம்.

உங்கள் லென்ஸில் 3.5-5.6 என்று இருப்பதன் பொருள், 18 மி.மீ.-இல் எஃப்/3.5 வரையும், 55 மி.மீ.-இல் எஃப்/5.6 வரையும்தான் திறக்கும் என்பது. ஜூம் செய்யச் செய்ய இருட்டும் என்று இதைச் சொல்லலாம். வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் படம் மங்கலாவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுவே. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/5.6-ஐவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் 1/150 நொடி போதும்; கை அசைவு படத்தில் பதிவது குறையும்.

ஒளியை அதிகம் வாங்கும் லென்ஸ் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1839-இல் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டபோது புழங்கிய லென்ஸ்கள் ஏறத்தாழ எஃப்/15 அளவில் இருந்தன. உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. 1840-இல் வியன்னாவில் கணித அறிஞர் ஜோசப் பெட்ஸ்வால் சுமார் எஃப்/3.6 அளவுள்ள லென்ஸைக் கணக்கிட்டு வடிவமைத்தார். ஒளி பதினைந்து மடங்குக்கும் மேல் கூடியது. மனித முகத்தைப் படமெடுப்பது நடைமுறைக்கு வந்தது.

தெளிவின் ஆழம்

துளை திறக்கும்போது ஒளியோடு இன்னொன்றும் மாறுகிறது. ஃபோக்கஸ் செய்த தூரத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு பகுதி தெளிவாகத் தெரியும் என்பதை டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பார்கள். தமிழில் புல ஆழம் என்று சொல்லலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டரில் ஃபோக்கஸ் செய்தால், எஃப்/1.8-இல் சுமார் 17 செ.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும்; எஃப்/8-இல் அது முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் ஆகிவிடும்.

அந்த 17 செ.மீ. எவ்வளவு குறைவு என்பதை நான் கற்றுக்கொண்டது உறவினர் குழந்தைகள் இருவரைப் படமெடுத்த ஒரு மாலையில். அக்கா முன்னால், தம்பி அவள் தோளைப் பிடித்தபடி ஒரு சாண் தள்ளிப் பின்னால். புதிய லென்ஸ் என்ற ஆர்வத்தில் எஃப்/1.8-ஐ மாற்றவே இல்லை. கேமராவின் சிறு திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கியபோது ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் அக்காவின் இமை முடி ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது. தம்பியின் கண்கள் கரைந்திருந்தன. அன்றிலிருந்து ஒருவருக்கு மேல் இருந்தால் குறைந்தது எஃப்/4, முடிந்தால் அனைவரின் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்குமாறு நிற்க வைப்பது, எடுத்தவுடன் திரையில் கண்களைப் பெரிதாக்கிச் சரிபார்ப்பது என்ற மூன்றையும் விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

புல ஆழத்தை அபெர்ச்சர் மட்டும் முடிவு செய்வதில்லை. பொருளை நெருங்க நெருங்க ஆழம் வேகமாகக் குறையும். குவியத் தூரம் கூடினாலும் குறையும். ஆகவே எஃப்/5.6-க்கு மேல் திறக்காத லென்ஸிலும் பின்னணியைக் கரைக்க வழி உண்டு: 55 மி.மீ.-இல் வைத்து, லென்ஸ் அனுமதிக்கும் அளவு நெருங்கி, படமெடுக்கும் பொருளைச் சுவரிலிருந்தோ செடியிலிருந்தோ பல மீட்டர் விலக்கி வையுங்கள். பின்னணியின் தூரத்தைக் கூட்டுவதற்குச் செலவே இல்லை.

எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப்/22-க்குப் போவதும் பிழையே. மிகச் சிறிய துளை வழியாகச் செல்லும் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுகிறது. ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. எஃப்/16-இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 21 மைக்ரோமீட்டர். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ சுமார் 4 மைக்ரோமீட்டர். நிலக்காட்சிக்குக்கூட எஃப்/8 அல்லது எஃப்/11-இல் நிறுத்திக்கொள்வது நல்லது. பெரும்பாலான லென்ஸ்கள் முழுத் திறப்பிலிருந்து ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்தால்தான் தங்கள் சிறந்த தெளிவைக் காட்டும்.

கை நடுக்கமும் ஃபோக்கஸும்

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம், சமான குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணைவிடக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. 55 மி.மீ. ஏபிஎஸ்-சியில் 82-க்குச் சமானம். ஆகவே 1/80 நொடி அல்லது அதைவிட வேகம். நடுக்கத்தைத் திருத்தும் அமைப்பு இருந்தால் இதைவிடப் பல மடங்கு மெதுவாகவும் எடுக்கலாம். மாற்றத்தக்க லென்ஸ்களில் இந்த வசதியைக் கேனான் 1995-இல் 75-300 மி.மீ. லென்ஸில் அறிமுகப்படுத்தியது. ஆனால் அது உங்கள் கையை மட்டுமே சரிசெய்யும். ஓடும் குழந்தையை நிறுத்த 1/500 நொடி தேவை என்றால், எவ்வளவு நல்ல ஐஎஸ் இருந்தாலும் 1/500 தேவைதான்.

ஒவ்வொரு லென்ஸுக்கும் அதைவிட நெருங்கினால் ஃபோக்கஸ் ஆகாது என்ற எல்லை உண்டு. அந்தத் தூரம் லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அளக்கப்படுவதில்லை, சென்சாரிலிருந்து அளக்கப்படுகிறது. கேமராவின் மேற்புறத்தில் ஒரு வட்டமும் அதைக் கடக்கும் கோடுமாக உள்ள குறி, சென்சார் இருக்கும் தளத்தைக் காட்டுகிறது. மேக்ரோ லென்ஸ் என்று முறையாகச் சொல்லத்தக்கவை 1:1 அளவு தருபவை: 20 மி.மீ. நீளமுள்ள வண்டு, சென்சாரின் மேலும் 20 மி.மீ. நீளத்துக்கே விழும்.

ஜூமா, பிரைமா

குவியத் தூரம் மாறாத லென்ஸை பிரைம் என்கிறோம். ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-இல் ஃபோக்ட்லேண்டர் வெளியிட்ட 36-82 மி.மீ. எஃப்/2.8 ஜூமார். தொடக்க கால ஜூம்களின் தெளிவைப் பற்றி இருந்த குறைகள் இன்றைய ஜூம்களுக்குப் பெரிதும் பொருந்தாது. பிரைமின் உண்மையான நன்மை பெரிய துளை, குறைந்த எடை, எளிய வடிவம் ஆகியவையே; ஜூமின் நன்மை, லென்ஸைக் கழற்றி மாட்ட நேரம் இல்லாத இடங்களில் கைகொடுப்பது.

பிரைம் வாங்குவதற்கு முன்பே அதன் பயிற்சியைப் பெறலாம். ஜூம் வளையத்தை 35 மி.மீ. குறியில் நிறுத்தி, ஒரு சிறு ஒட்டுநாடாவால் அசையாமல் ஒட்டிவிட்டு, ஒரு மாதம் அப்படியே படமெடுங்கள். ஏபிஎஸ்-சியில் அது ஃபுல் ஃபிரேமின் 50 மி.மீ.-க்கு நெருக்கமான பார்வை. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மூன்றாவது வாரத்தில், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே சட்டத்தின் விளிம்பு எங்கே விழும் என்று கால்களுக்குத் தெரிந்துவிடும்.

லென்ஸின் குறைகளை அடையாளம் காணுதல்

எந்த லென்ஸும் குறையற்றது இல்லை. அகலக் கோணத்தில் நேர்க்கோடுகள் பீப்பாய் போல வெளியே வளையும். முழுத் திறப்பில் மூலைகள் இருளும். வானத்துக்கு எதிராக உள்ள இலை விளிம்புகளில் ஊதா அல்லது பச்சை நிறக் கோடு தெரியும். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கேமராவோ மென்பொருளோ திருத்திவிடும் என்பதால் புதியவர் கவலைப்பட வேண்டியதில்லை. திருத்த முடியாதது பக்கவாட்டு வெளிச்சத்தால் வரும் வெளிறல். அதற்கு லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹுட்டை மாட்டுங்கள். பலர் அதைத் தலைகீழாக மாட்டிய நிலையிலேயே படமெடுக்கிறார்கள், அப்போது அது எந்த வேலையும் செய்யாது.

மவுன்ட் பொருந்துமா

லென்ஸும் கேமராவும் இணையும் வளையமே மவுன்ட். அந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு முறைமைக்கும் வேறு: 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுன்டில் 46.5 மி.மீ., 1987-இல் வந்த கேனான் இஎஃப் மவுன்டில் 44 மி.மீ. டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிரதிபலிப்பான், மிரர்லெஸ் கேமராக்களில் இல்லாததால் இது மிகவும் குறைவு: சோனி இ 18 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. பழைய லென்ஸுக்கு வேண்டிய கூடுதல் இடைவெளியை ஓர் அடாப்டர் வளையம் நிரப்பிவிடும் என்பதால் பழைய லென்ஸைப் புதிய மிரர்லெஸில் பயன்படுத்தலாம். மறுபக்கமாக, மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியில்லை. ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் இடைவெளியைக் குறைக்க எந்த வளையத்தாலும் முடியாது. அடாப்டர் வாங்குமுன் ஆட்டோஃபோக்கஸும் அபெர்ச்சர் கட்டுப்பாடும் அதில் வேலை செய்யுமா என்று கேட்டறியுங்கள்.

இரண்டாவது லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

இப்போதுதான் தொடக்கக் கேள்விக்கு வருகிறோம். கடந்த சில மாதங்களில் நீங்கள் எடுத்தவற்றில் உங்களுக்குப் பிடித்த 100 படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் குவியத் தூரம், அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறையும்போது கேமரா கூட்டும் உணர்திறன் எண்) ஆகியவை பதிவாகியிருக்கும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 55-இல் குவிந்திருந்து, அவற்றையும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தால் உங்களுக்குத் தேவை 55-200 போன்ற டெலி ஜூம். 18-இல் குவிந்து, முதுகு சுவரில் முட்டும் வரை பின்வாங்கிய நினைவு இருந்தால் 10-18 போன்ற அகலக் கோணம். குவியத் தூரம் நடுவில் பரவியிருந்து, ஐஎஸ்ஓ எப்போதும் 3200, 6400 என்றே ஏறியிருந்தால் 35 அல்லது 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம். நெருங்க முடியாமல் கைவிட்ட படங்களின் நினைவு அதிகம் என்றால் மேக்ரோ. கோப்புகள் எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால், வாங்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இருபக்க மூடிகளையும் கழற்றி, ஒரு முனையில் சிறு டார்ச்சை அடித்து மறுமுனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். ஓரிரு தூசித் துகள்கள் படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலை போலவோ வேர் போலவோ கிளைத்துப் பரவிய மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, வளையங்கள் தடையின்றித் திரும்புகின்றனவா என்று பாருங்கள். பிறகு உங்கள் கேமராவில் மாட்டி, ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று முழுத் திறப்பில் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மிகவும் மங்கியிருந்தால், சுவருக்குச் சற்றும் சாயாமல் நின்றோமா என்று உறுதிசெய்துகொண்டு இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அதே மூலை மங்கினால் உள்ளே கண்ணாடி ஒன்று இடம் பெயர்ந்திருக்கிறது.

வாங்கிய பின் பராமரிப்பு எளிது. தூசியை முதலில் காற்றுப் பந்தால் ஊதி அகற்றுங்கள். அதற்கு முன் துணியால் துடைத்தால் மணல் துகள் கண்ணாடி மேல் கோடு போட்டுவிடும். விரல் தடம் இருந்தால் துப்புரவுத் திரவத்தைத் துணியில் ஒரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேரடியாக விட்டால் திரவம் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மாதக்கணக்கில் தோல் பைக்குள் மூடிக் கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சை எளிதாகப் பிடிக்கிறது. வாரம் ஒரு முறையாவது எடுத்து, வளையங்களைத் திருப்பி, நாலு படம் எடுத்துவிட்டு வையுங்கள்.